அக்கா மகன் லெபனான் போறான்: போய் வந்தவங்க சொல்லுங்க

தோட்டத்துக்காரன், சுங்கை சிப்புட்:
எங்க அக்கா மகன் மலேசிய ராணுவத்து ரெஞ்சர் ரெஜிமெண்டில் இருக்கான். அடுத்த சுற்றில் ஐ.நா. அமைதிப்படையோடு தெற்கு லெபனான் போறான். "மலாய்க்காரப் பிள்ளைகளோடயே வளர்ந்தவன், அவங்க பழக்கம் எனக்குத் தெரியாதா மாமா?"ன்னு கேக்கிறான். அனுபவப்பட்டவங்க நாலு வார்த்தை சொல்லுங்க.

நீலத்தொப்பி:
நானும் இந்த ஊர்தான் அண்ணே. நம்ம படை அங்கே 2007லிருந்து இருக்கு, நான் போனது 2013. தம்பி சொல்றதையே நானும் சொல்லிக்கிட்டுப் போனவன். லயத்துக்குப் பக்கத்து மலாய்க் கம்பத்து (கிராமத்து) மசூதிப் பாங்குச் சத்தத்தில்தானே தினமும் கண் முழிச்சோம்! ஒரே மாசத்தில் அந்தத் தெனாவட்டு இறங்கிடுச்சு.

நம்ம மலாய்க்காரங்க சுன்னி. நாங்க ரோந்து சுத்தின கிராமங்கள் பெரும்பாலும் ஷியா. ரெண்டும் இஸ்லாத்தில் வேற வேற பிரிவு. தொழும்போது நெற்றி படுற இடத்தில் சின்னக் களிமண் வில்லை ஒன்னு வைப்பாங்க. நான் அதைச் சோப்புக்கட்டின்னு நினைச்சு ஓரமா எடுத்து வைக்கப் போனேன். எங்க மலாய்க்கார சார்ஜன் சட்டுன்னு கையைப் பிடிச்சுட்டார். அவருக்கே அது புதுசுதான்.

அந்த வருஷம் நோன்பு ஜூலையில் வந்தது. நம்ம ஊரில் எந்த மாசத்தில் வந்தாலும் 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அங்கே கோடையில் கிட்டத்தட்ட 16 மணி நேரம். சாவடியில் நின்னா நாக்கு வறண்டு போகும். முதல் நாள் ரோட்டிலேயே நின்னு தண்ணி குடிச்சேன். ஒரு கிழவர் ஒன்னும் சொல்லலை, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். அப்புறம் வண்டிக்குள்ள போய்த்தான் குடிப்பேன்.

ஒருநாள் முக்தார், அதான் ஊர்ப் பெரியவர், நோன்பு திறக்கக் கூப்பிட்டார். சுன்னிகளுக்குச் சூரியன் மறைஞ்சாலே போதும். ஷியாக்கள் கிழக்கு வானத்துச் சிவப்பு போற வரைக்கும் காத்திருப்பாங்க. பொழுது சாய்ஞ்சது. யாரும் தட்டைத் தொடலை. சார்ஜன் வண்டியில் என்னவோ மறந்துட்ட மாதிரி எழுந்து போனார், ஒரு மிடறு தண்ணி குடிச்சார், திரும்பி வந்து பேரீச்சம்பழத்தைக் கையில் வச்சுக்கிட்டு அவங்களோட உட்கார்ந்துட்டார். தன் முறையையும் விடலை, வீட்டுக்காரரையும் நோகடிக்கலை. பாங்கு சொல்ற வரைக்கும் பசியில் துடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? நோன்பே பிடிக்காத நான்தான்.

தம்பிகிட்ட இன்னும் ரெண்டு சொல்லுங்க. பெண்களிடம் கை நீட்ட வேணாம், வலது கையை நெஞ்சில் வச்சாப் போதும். முஹர்ரம் மாசம் 10ஆம் நாள் துக்க ஊர்வலம் போகும், அழுவாங்க, நெஞ்சில் அடிச்சுக்குவாங்க. அங்கே கைப்பேசியை வெளியே எடுக்கவே கூடாது.

பழைய காக்கி:
நான் 1993ல் போஸ்னியா போன கூட்டத்தில் ஒருத்தன். நெரெட்வா ஆத்தோரம், கோன்யிட்ஸ் ஊர். எங்களுக்கு நடந்தது தலைகீழ்! முஸ்லிம் வீடாச்சேன்னு பூனை மாதிரி நடந்து போனா, வீட்டுக்காரர் காப்பியோடு ரக்கியாவும் ஊத்தி வச்சார். பழத்தில் காய்ச்சின சாராயம். நான் குடிக்கிறவன், ஒளிவுமறைவு என்ன? ஆனா பக்கத்தில் இருந்த மலாய் நண்பன் சிலை மாதிரி ஆயிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வச்சு வேணாம்னு தலையை ஆட்டினேன். உள்ளேயிருந்து முக்காடு போட்ட பாட்டி வந்து மகனை ஏசின ஏச்சு இருக்கே, எங்க தோட்டத்துக் கங்காணியம்மா தோத்தா! மொழிபெயர்ப்பாளரே தேவைப்படலை.

மிஸ்ஸி:
2017 கடைசியில் வங்காளதேசத்துக் காக்ஸ் பஜாரில் ரோஹிங்யா அகதிகளுக்காக மலேசியா கள மருத்துவமனை திறந்ததே, அங்கே கொஞ்ச நாள் நர்ஸா இருந்தேன். வயசான அம்மா ஒருத்தர் வயித்துவலியோடு வந்துட்டு, ஆம்பிளை டாக்டர்னு தெரிஞ்சதும் திரும்பி நடந்துட்டார். பின்னாலேயே ஓடினேன். பாஷை தெரியாது, என்னையும் திரைச்சீலையையும் மாத்தி மாத்திக் காட்டினேன். சிரிச்சுட்டு உள்ளே வந்தார்.

தோட்டத்துக்காரன்:
எல்லாத்தையும் அவனுக்கு வாசிச்சுக் காட்டினேன். களிமண் வில்லை வந்ததும் பய வாயை மூடிக்கிட்டான். அக்கா கூட்டாளிங்களுக்கும் சேர்த்து முறுக்கு சுட்டுத் தர்றேன்னு மாவு பிசைஞ்சு வச்சிருந்தா. "அம்மா, அது காட்டுப்பன்னி வறுத்த குவாலி (வாணலி) ஆச்சே"ன்னு அவனே கேட்டான். இப்ப அக்கா பட்டணத்துக்குப் புதுக் குவாலி வாங்கப் போயிருக்கா.