அம்பாரத்துக் காவலில் வந்த அக்கி

நீடாமங்கலம் வீட்டுக் குழு

வியாழன் காலை

பெரிய அத்தை: எல்லாரும் இந்தப் படத்தைப் பாருங்கள். மாமாவுக்கு இடுப்பில் வலப்பக்கம். முந்தாநாள் ராத்திரியிலிருந்து எரிகிறது எரிகிறது என்றார், நெல் சுணைதான் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தார். இன்று விடியற்காலை பார்த்தால் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். சட்டை பட்டாலே துடிக்கிறார்.

அம்மா: ஐயோ அண்ணி, இது அக்கி. பானை செய்கிற வேளார் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள், காவி குழைத்து அதன் மேல் சிங்கப் படம் எழுதிவிடுவார்.

சின்ன மாமா: முதுகுப் பக்கம் போயிருக்கிறதா அண்ணி? சுற்றி வந்து ரெண்டு முனையும் சேர்ந்தால் ஆகாது என்பார்கள்.

திருச்சி அக்கா: அத்தை, படம் பார்த்தேன், சித்தி சொன்னது சரி, அக்கி மாதிரியேதான் இருக்கிறது. எழுதுவது எல்லாம் அப்புறம். தடிப்பு எப்போது கிளம்பியது?

பெரிய அத்தை: நேற்று மாலை சிவந்து தடித்திருந்தது. கொப்புளம் இன்று காலைதான்.

திருச்சி அக்கா: அப்படியானால் நேரம் இருக்கிறது. தடிப்பு கிளம்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸுக்கான மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் நல்லது, அசைக்ளோவிர் அல்லது வாலாசைக்ளோவிர் எழுதிக்கொடுப்பார்கள். இன்றைக்கே மன்னார்குடிக்கோ தஞ்சாவூருக்கோ கூட்டிப்போங்கள். தோல் டாக்டர்தான் வேண்டும் என்று நாளைக் கடத்தாதீர்கள், பொது டாக்டரே போதும். சர்க்கரை இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் மாத்திரையின் அளவை முடிவு செய்வார்கள். மெடிக்கலில் படத்தைக் காட்டி அரிப்புக் களிம்பு வாங்கித் தடவ வேண்டாம்.

பெரிய மாமா: எங்கே போவது? நெல் அம்பாரம் கொள்முதல் நிலையத்தில் வெளியில் கிடக்கிறது. ஈரப்பதம் 19 சதவீதம் காட்டுகிறது, 17க்கு மேல் என்றால் எடுக்க மாட்டார்கள், காயப் போட்டால் மறுபடி தூறுகிறது. படுதாவை இழுத்து மூடுவதும் விரிப்பதுமாகவே பொங்கலிலிருந்து பொழுது போகிறது. ராத்திரி அங்கேதான் படுக்கை. படுக்கை என்றுதான் பேர், கண்ணை மூடினால் மேகம் இருட்டுகிற மாதிரியே இருக்கிறது. இது உடம்புச் சூடு, இரண்டு இளநீர் குடித்தால் அடங்கிவிடும்.

சின்ன மாமா: அண்ணே, நான் திருவாரூரிலிருந்து கிளம்பிவிட்டேன். இன்றைக்கு அம்பாரம் என் பொறுப்பு. நீங்கள் அண்ணியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மா: யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ. மூட்டை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள் என்று எத்தனை பேர் வந்துபோகிற இடம்.

திருச்சி அக்கா: யாரிடமிருந்தும் இல்லை சித்தி. மாமாவுக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்ததா?

அம்மா: வார்க்காமல் என்ன! அண்ணன் மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ. வீடு முழுக்க வேப்பிலை, தாளிக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று அம்மாச்சி அடுப்பையே பின்கட்டுக்கு மாற்றினாள். தலைக்குத் தண்ணீர் விட்டபிறகு புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தோம்.

திருச்சி அக்கா: அந்த அம்மைதான் இது. சின்னம்மை ஆறும்போது வைரஸ் உடம்பைவிட்டு முழுக்கப் போவதில்லை, முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஐம்பது வருஷமானாலும் அங்கேயே கிடக்கும். கண்டுபிடித்து ஒழிக்க முடியாது, ஆனால் தலைதூக்காமல் பார்த்துக்கொள்ள அந்த வைரஸை அடையாளம் தெரிந்த டி செல் என்கிற ஒரு வகை வெள்ளணுக்கள் இருக்கின்றன. வயது ஏற ஏற அவற்றின் வேகம் குறைகிறது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறையவே இருக்கும், சோதித்தால் பாசிட்டிவ் என்றுதான் வரும், இருந்தும் அக்கி வருகிறது, ஏனென்றால் இந்தக் காவலுக்கு டி செல்தான் ஆள். அவை தளரும்போது வைரஸ் பெருகி, தான் இருந்த நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்குகிறது. கொப்புளத்துக்கு முன்னால் எரிச்சல் வந்தது அதனால்தான், முதலில் அடி வாங்குவது நரம்பு. ஒரு நரம்பு உடம்பின் ஒரு பாதிக்குத்தான் போகும், ஆகவே பட்டை பெரும்பாலும் நடுக்கோட்டோடு நின்றுவிடும். சின்ன மாமா, முனை சேருமோ என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

சின்ன மாமா: இதையெல்லாம் எப்படியம்மா கண்டுபிடித்தார்கள், நரம்புக்குள் எட்டியா பார்த்தார்கள்?

திருச்சி அக்கா: அதை ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னவர் ஒரு சாதாரணக் குடும்ப டாக்டர் மாமா. எட்கர் ஹோப்-சிம்ப்சன், இங்கிலாந்தில் சிறு ஊரில் வைத்தியம் பார்த்தவர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை வருஷக்கணக்காகக் குறித்துவைத்து, இது வெளியிலிருந்து தொற்றுவதில்லை, பழைய அம்மையே திரும்ப எழுகிறது என்று 1965ல் எழுதினார். நரம்பு முடிச்சில் வைரஸின் தடயத்தை ஆய்வகத்தில் பார்த்தது அதற்கப்புறம்.

கும்பகோணம் சித்தப்பா: (பல முறை முன்னனுப்பப்பட்டது) எதிர்ப்புச் சக்தியைப் பத்து மடங்கு கூட்டும் கஷாயம்!! ஏழே நாளில் எந்த நோயும் கிட்டே வராது!! உங்கள் சொந்தங்கள் அனைவருக்கும் பகிருங்கள்!!

கும்பகோணம் சித்தப்பா: மச்சான் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கட்டும்.

திருச்சி அக்கா: சித்தப்பா, கஷாயம் குடிப்பதில் எனக்குச் சண்டை இல்லை, அந்தப் பத்து மடங்கில்தான் சண்டை. பத்து மடங்கு கூடினால் நாம் எல்லாரும் படுத்துவிடுவோம். உங்கள் வீட்டுச் சித்தியின் முடக்குவாதம் என்ன? எதிர்ப்புச் சக்தி குறைந்தா வந்தது? சொந்த மூட்டையே அந்நியம் என்று நினைத்து அது அடிக்கிறது. அதை அடக்கத்தானே டாக்டர் முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார்.

கும்பகோணம் சித்தப்பா: அது சரி. அப்படியானால் கூட்டவும் கூடாது, குறையவும் கூடாதா?

திருச்சி அக்கா: தேவைப்படும்போது எழ வேண்டும், வேலை முடிந்ததும் அடங்க வேண்டும், அவ்வளவுதான். அடக்குகிற ஆள் நம் உடம்பிலேயே உண்டு. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி, அதிலிருந்து வருகிற கார்டிசால். சித்தி சாப்பிட்ட மாத்திரை அதன் சொந்தக்காரன். 1948ல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்தச் சுரப்பிச் சரக்கை ஊசியில் போட்டார், சில நாளில் அவர் எழுந்து நடந்துவிட்டார். 1950ல் நோபல் பரிசு. பயம், கவலை, தூக்கமின்மை எது வந்தாலும் இதே கார்டிசால் ஏறும். சற்று நேரத்துப் பயமென்றால் கெடுதல் இல்லை, மாடு முட்ட வரும்போது வெள்ளணுக்கள் ரத்தத்தில் அதிகமாகவே ஓடும், காயம் பட்டால் பார்த்துக்கொள்ள. வாரக்கணக்கில் நீடித்தால்தான் வம்பு, உடம்பு அவசரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், எதிர்ப்புச் சக்தி அடங்கியே கிடக்கும்.

பெரிய மாமா: ஆக மேட்டூரில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது முறை வைத்து விடுகிற மாதிரி என்கிறாய். முதலில் எந்த வாய்க்காலுக்கு அவசரமோ அதற்கு, மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டும்.

திருச்சி அக்கா: கிட்டத்தட்ட அதேதான் மாமா. உங்கள் உடம்பில் முறை மாறவே இல்லை, பொங்கலிலிருந்து ஒரே வாய்க்காலுக்குத்தான் பாய்கிறது. ஆனால் கவலையால்தான் அக்கி வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். முதல் காரணம் வயது, சர்க்கரையும் கூடச் சேர்ந்துகொள்கிறது. இதற்கு மேல் தூக்கமும் கெட்டால் காவல் இன்னும் தளர இடம் உண்டு. விண்வெளிக்குப் போன வீரர்களின் எச்சிலைச் சோதித்து 2004ல் ஓர் ஆய்வு வந்தது. அத்தனை பேரும் திடகாத்திரமானவர்கள், கிளம்புவதற்கு முன் எச்சிலில் வைரஸ் அநேகமாக இல்லை. மேலே இருந்தபோதும் இறங்கி வந்தபிறகும் இதே அம்மை வைரஸின் டிஎன்ஏ எச்சிலில் தெரிந்தது. உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை, ஆனாலும் உள்ளே அது அசைந்திருக்கிறது.

பெரிய மாமா: ராக்கெட்டில் போகிறவனுக்கே அப்படியா. சரி, வண்டியை எடுக்கச் சொல்.

வியாழன் இரவு

பெரிய அத்தை: டாக்டர் பார்த்தார். அக்கிதான். ஏழு நாளைக்கு மாத்திரை, மூன்று வேளை, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். நரம்பு வலிக்குத் தனி மாத்திரை ராத்திரிக்கு. மூக்கிலோ கண் பக்கத்திலோ வந்திருந்தால் உடனே கண் டாக்டரிடம் அனுப்பியிருப்பாராம், நல்லவேளை இடுப்போடு போயிற்று.

அம்மா: வேளாரையும் ஒரு தடவை கூப்பிட்டுவிடலாமே அண்ணி. மாத்திரை ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நம் அப்பாவுக்கு எழுதித்தானே ஆறியது.

திருச்சி அக்கா: சித்தி, நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அக்கி இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பொருக்குத் தட்டி ஆறிவிடும். சிங்கம் எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும், பேர் மட்டும் சிங்கத்துக்கு. தாத்தாவுக்குத் தோல் ஆறியது, ஆனால் அந்த இடத்தில் துண்டு உரசினால்கூட எரிகிறது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? நரம்பில் தங்கிவிட்ட வலி அது. சீக்கிரம் மாத்திரை போட்டால் கொப்புளம் வேகமாக அடங்கும், இப்போதைய வலியும் குறையும், மாதக்கணக்காக இழுக்கிற அந்த வலிக்கு அது முழு உத்தரவாதம் இல்லை என்றாலும் விட்டுவிடக் கூடாது. உடைந்த கொப்புளத்தில் மட்டும் காவியைப் பூச வேண்டாம், சீழ் வைத்துவிடும். பொருக்கு உதிர்ந்தபிறகு ஆசை தீர எழுதிக்கொள்ளட்டும்.

பாப்பா: அண்ணி, நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாக இருந்தேன், ஏழாம் மாதம். வரலாமா? அப்பாவிடமிருந்து எனக்கு ஒட்டுமா?

திருச்சி அக்கா: கேட்டது நல்லது பாப்பா. அக்கி, அக்கியாக ஒட்டாது. ஆனால் அந்தக் கொப்புள நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்கும் தடுப்பூசி போடாதவர்களுக்கும் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிக்கு அது நல்லதில்லை, நுரையீரலைப் பிடிக்கலாம். உனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததா?

பாப்பா: அம்மா வரவில்லை என்கிறார். தடுப்பூசியும் போட்ட மாதிரி இல்லை.

திருச்சி அக்கா: அப்படியானால் உன் டாக்டரிடம் சொல்லி வேரிசெல்லா ஐஜிஜி என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடு, அம்மை வைரஸுக்கான எதிர்ப்பொருள் உனக்கு இருக்கிறதா என்று அதில் தெரியும். லேசாக வந்துபோனது தெரியாமலும் இருக்கும். ரிசல்ட் வரும்வரை அங்கேயே இரு. மாமாவுக்கு எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டும்வரை அந்த இடம் துணியால் மூடியே இருக்கட்டும், துண்டு, படுக்கை விரிப்பு தனி.

சனி காலை

சின்ன மாமா: வெயில் அடித்தது. நேற்று முழுக்கக் கிளறிக் கிளறிக் காயவைத்தோம், இன்று காலை ஈரப்பதம் 16.5. மதியம் எடுத்துக்கொள்கிறோம் என்றிருக்கிறார்கள். அண்ணே, பட்டா, அடங்கல் எல்லாம் என்னிடம் இருக்கிறது, நீங்கள் வந்து நிற்க வேண்டாம்.

பெரிய மாமா: தூற்றும்போது ஒரு எட்டு வந்துவிட்டுப் போகிறேன்.

சின்ன மாமா: வரக் கூடாது.

பெரிய அத்தை: நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினார், அறுவடையிலிருந்து இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. புதிதாகக் கொப்புளம் இல்லை. என் பாதத்தில் வரப்புக் கல் கிழித்த புண்தான் ஆறவே மாட்டேன் என்கிறது, மாசம் ஒன்றாகப்போகிறது. எனக்கு எந்தக் கவலையும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

திருச்சி அக்கா: அத்தை, கவலை இல்லையா? அம்மாச்சி ராத்திரி எத்தனை தடவை எழுப்புகிறாள்?

பெரிய அத்தை: அது கணக்கா? யார் நீ என்று கேட்பாள், சொல்வேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவாள் என்று தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே முழிப்பு வந்துவிடும். வயசானவள், என்ன செய்வது. பழகிவிட்டது.

திருச்சி அக்கா: அமெரிக்காவில் ஒஹாயோவில் 1995ல் செய்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். மறதி நோய் வந்த சொந்தக்காரரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற 13 பெண்கள், அதே வயதில் அந்தப் பாரம் இல்லாத 13 பெண்கள். எல்லாருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரிச் சின்னப் புண் போட்டு எப்போது ஆறுகிறது என்று பார்த்தார்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. புண் ஆறுவதும் இதே எதிர்ப்புச் சக்தியின் வேலைதான், அழுக்கையும் கிருமியையும் தின்று துப்புரவு செய்கிற செல்கள் வந்து சேர்ந்தால்தான் மேல்தோல் மூடும். குழு முழுக்க மாமாவைப் பற்றியே பேசுகிறோம். அம்பாரம் இன்று போய்விடும், அம்மாச்சி அங்கேயேதான் இருப்பாள்.

பெரிய அத்தை: அதற்காக மாமியாரை விட முடியுமா.

திருச்சி அக்கா: விடச் சொல்லவில்லை அத்தை. ராத்திரிக்கு வேறு ஆள் வேண்டும் என்கிறேன். அப்புறம் அந்தப் புண்ணையும் டாக்டரிடம் காட்டி, சர்க்கரையைச் சோதித்துவிடுங்கள். இல்லை என்று நீங்களே சொன்னால் போதாது.

அம்மா: அண்ணி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குப் பெற்ற தாய், நான்தான் வந்து படுக்க வேண்டும். திங்கட்கிழமை வருகிறேன், ஒரு வாரம் ராத்திரி அம்மா என் பொறுப்பு.

கும்பகோணம் சித்தப்பா: அடுத்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். இவளுக்கு மூட்டுவலி, எழுந்து நடமாட முடியாது, நான் பார்த்துக்கொள்கிறேன். என்னை அத்தைக்கு அடையாளம் தெரியாது, தெரிந்த காலத்திலும் பெரிதாக மதித்ததில்லை.

பெரிய மாமா: மாப்பிள்ளை வந்தால் கஷாயப் பொடி கொண்டுவர வேண்டாம்.

பாப்பா: ரிசல்ட் வந்துவிட்டது அண்ணி. ஐஜிஜி பாசிட்டிவ். டாக்டரும் போகலாம் என்கிறார்.

திருச்சி அக்கா: அப்படியானால் தாராளமாக வா. அப்பாவின் துண்டை மட்டும் எடுத்துத் துடைக்காதே. மாமா, ஆறி முடிந்தபிறகு அக்கிக்கான தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம், 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு தவணை. விலை அதிகம்தான். அத்தைக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

பெரிய மாமா: நெல் பணம் ஏறட்டும்.

சின்ன மாமா: எடை ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணே, கோணி ஊசி எங்கே வைத்தீர்கள்?