பாப்பாவுக்கு எந்தப் பள்ளி?

குழு: ஆச்சி வீடு, சங்கரன்கோவில்

சனிக்கிழமை

நான்: பாப்பாவுக்கு ஜூலையில் ஐந்து வயது முடிகிறது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு. மார்ச்சிலேயே சேர்க்கையைத் தொடங்கிவிட்டார்கள். மூன்று பள்ளிகள் மனதில் இருக்கின்றன: தெருமுனை நகராட்சிப் பள்ளி, கோவில் பக்கம் உள்ள உதவிபெறும் பள்ளி, ராஜபாளையம் ரோட்டில் உள்ள மெட்ரிக். பெயர் போட வேண்டாம், எங்கேயாவது ஃபார்வர்டு ஆகிவிடும். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

மதினி: மெட்ரிக்கில் சேர்த்துவிடு. என் பையன் மூன்று வருஷமாக அங்கேதானே படிக்கிறான். ஆண்டு விழாவில் மேடையேறி இங்கிலீஷில் பேசினபோது உன் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேனும் வாசலுக்கே வரும்.

நான்: வேன் எத்தனை மணிக்கு வரும் மதினி?

மதினி: 7.20. நம்ம தெருவில்தான் முதலில் ஏற்றுவார்கள். சாயங்காலம் திரும்ப ஐந்து ஆகிவிடும்.

ஆச்சி (குரல் பதிவு, சித்தி எழுதியது): ஏழு மணிக்குப் பச்சைப் பிள்ளை என்னத்தைத் தின்னும்? ரெண்டு வாய் இட்லி உள்ளே போகுமா? அவள் எந்திரிக்கிறதே ஏழரைக்கு.

அண்ணன்: சிபிஎஸ்இ ஏதாவது இருக்கிறதா பாரு. பின்னால் நீட், ஜேஇஇ என்று வரும்போது அதுதான் உதவும்.

சித்தி: ஐந்தாவது வரைக்கும் போர்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் ராசா. 31 வருஷம் சின்ன வகுப்புகளே எடுத்தவள் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறாமல் வாசித்து, என்ன வாசித்தோம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிய வேண்டும். இந்த இரண்டும் வந்துவிட்டால் ஆறாவதில் எந்தப் பள்ளியிலும் கொண்டுபோய் விடலாம். வராவிட்டால் எந்த போர்டும் தூக்கிவிடாது.

பாப்பா அப்பா: தறி சத்தத்தில் ஆடியோ கேட்காது, எல்லோரும் டைப் செய்யுங்கள். மெட்ரிக்கில் ஃபீஸ் எவ்வளவு?

மதினி: ஒன்றாவதுக்கு 18,000. வேன் மாசம் 900. புத்தகம், யூனிஃபார்ம் தனி.

சித்தி: அவர்கள் வாயால் சொல்லும் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தனியார் பள்ளி ஒவ்வொன்றுக்கும் கட்டண நிர்ணயக் குழு ஒரு தொகை நிர்ணயித்திருக்கும். 2009 சட்டப்படி அமைந்த குழு. அந்த ஆணையைக் காட்டச் சொல்லிக் கேள்.

அண்ணன்: தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் 25 சதவீத இலவச இட ஒதுக்கீட்டில் போட்டுப் பார்க்கலாமே?

நான்: அது நுழைவு வகுப்புக்குத்தான் அண்ணே. அந்தப் பள்ளியில் எல்கேஜியிலேயே முடிந்துவிட்டது. நாம் அங்கன்வாடிக்கு அனுப்பினோம். அதோடு 2025-ல் மத்திய அரசு நிதி வராத பிரச்சினையால் அந்தச் சேர்க்கையே அக்டோபருக்குத் தள்ளிப் போனது. அதை நம்பிப் பிள்ளையை உட்கார வைக்க முடியாது.

சித்தி மகன்: அக்கா, ஒரு விஷயம். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். என்கூட டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற ஒருத்தன், ஐந்தாவது வரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததால் அதில் வர முடியவில்லை. மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு வேறு கணக்கு. அதற்கு ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் போதும்.

பாப்பா அப்பா: இது எனக்குத் தெரியாது தம்பி. நன்றி.

சித்தி: வீட்டில் உட்கார்ந்து பேசினது போதும். மூன்று பள்ளிக்கும் நேரில் போய்வா. பள்ளி நடக்கும் நேரத்தில் போ. ஐந்து வகுப்புக்கு எத்தனை ஆசிரியர் என்று கேள். கழிப்பறையைத் திறந்து பார். அப்புறம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை வாசிக்கச் சொல்.

வியாழக்கிழமை

நான்: மூன்று பள்ளியும் பார்த்துவிட்டேன். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மெட்ரிக்கில் கட்டடம் நன்றாக இருக்கிறது, சுத்தம் குறையில்லை. ஆனால் ஒரு பிரிவில் 42 பிள்ளைகள். பாப்பாவைத் தனியாக உட்கார வைத்து ஏ பி சி டி எழுதச் சொன்னார்கள். ‘எஃப்’ வரைக்கும் எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அங்கன்வாடி பிள்ளைகள் பிக்கப் ஆக லேட் ஆகும்" என்று அவள் முன்னாலேயே சொன்னார்கள். வெளியே வந்ததும், "நான் தப்பா எழுதிட்டேனாம்மா?" என்று கேட்டாள். அந்த இடத்திலேயே எனக்கு மனசு விட்டுப் போனது.

சித்தி: அப்படிப் பரீட்சை வைத்துச் சேர்ப்பதே கல்வி உரிமைச் சட்டப்படி கூடாது. என் தங்கத்தை இனி அப்படி யார் முன்னாலும் உட்கார வைக்காதே.

நான்: நகராட்சிப் பள்ளி. நடந்து மூன்று நிமிஷம். தலைமை ஆசிரியை அத்தனை அன்பாகப் பேசினார். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட அட்டைகளை எல்லாம் எடுத்துக் காட்டினார். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பார்த்துப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் மொத்தம் 43 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். நான் போன அன்று ஒருவர் பயிற்சிக்குப் போயிருந்தார். ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில். அந்த அம்மா ஒரு பக்கம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே மறுபக்கம் செல்போனில் ஏதோ பதிவேற்றிக்கொண்டு இருந்தார்.

சித்தி: அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பதுதான் விதி. பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைவு என்று பார்த்து இருக்கிற பிள்ளைகளும் போய்விடும். நானும் ஆறு வருஷம் ஈராசிரியர் பள்ளியில் இருந்தேன். அந்த அம்மாவின் பாடு எனக்குத் தெரியும்.

பாப்பா அப்பா: நான் படித்த பள்ளி அது. அங்கேதான் சேர்க்க நினைத்தேன்.

நான்: தெரியும்ங்க. அதனால்தான் அங்கே மட்டும் இரண்டு தடவை போனேன்.

உதவிபெறும் பள்ளி நடந்து பன்னிரண்டு நிமிஷம். ஓட்டுக் கட்டடம், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது. ஆனால் ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர்கள். ஒன்றாவதில் 27 பிள்ளைகள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டதால் ஆச்சி கவலைப்பட வேண்டாம். நான் போனது புதன்கிழமை, வெண்பொங்கல் சாம்பார் போட்டிருந்தார்கள்.

ஒன்றாவது டீச்சர் தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு வைத்துக்கொண்டிருந்தார். பாப்பா என் கையை விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் பெயர்கூடக் கேட்கவில்லை, ஒரு கை கொட்டையை அவள் முன்னால் வைத்தார். அப்புறம் மூன்றாவது படிக்கும் ஒரு பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். "எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டான். நானே ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு சொல்லில் மட்டும் நின்றான், எழுத்துக் கூட்டினான், மறுபடி அந்த வரியை முதலிலிருந்து வாசித்தான்.

சித்தி: திரும்ப முதலிலிருந்து வாசித்தானா? அங்கே சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். யோசிக்காதே.

அண்ணன்: இங்கிலீஷ் எப்படி?

நான்: ஒன்றாவதிலிருந்தே பாடமாக இருக்கிறது அண்ணே. பேச வருவது குறைவுதான். அதற்கு வீட்டில் நாம் நேரம் ஒதுக்க வேண்டும்.

மதினி: நான் ஒன்று சொல்லவா. சித்தி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி என் பையனிடம் தினசரியைக் கொடுத்தேன். தலைப்புச் செய்தியே வாசிக்க வரவில்லை. இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்தேன், மனப்பாடமாக ஒப்பித்தான். வேறு பக்கத்தைத் திருப்பினால் அழுகிறான். ராத்திரி பூராவும் எனக்குத் தூக்கமில்லை.

சித்தி: அழாதே தாயி. அவனுக்கு ஏழு வயசுதானே. பிந்திப் போகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு என்னிடம் அனுப்பு. அரை மணி நேரம் போதும். கோடைவிடுமுறை முடிவதற்குள் வாசிக்க வைத்துவிடுகிறேன்.

மதினி: இன்றைக்கே அனுப்புகிறேன் சித்தி.

நான்: பாப்பாவையும் அனுப்பட்டுமா? அவளும் கூட உட்கார்ந்திருக்கட்டும்.

சித்தி: அனுப்பு. புளியங்கொட்டை நம் வீட்டிலேயே இருக்கிறது.

பாப்பா அப்பா: சரி, கோவில் பக்கத்துப் பள்ளியே இருக்கட்டும். காலையில் நான் சைக்கிளில் கொண்டுவிட்டுத் தறிக்குப் போகிறேன்.

ஆச்சி (குரல் பதிவு, சித்தி எழுதியது): திங்கள்கிழமை நாள் நல்லா இருக்கு. பத்தரைக்குள்ள சேர்த்துருங்க.

சித்தி: பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார். பாப்பா பெயர் அதில் ஏறியிருக்கிறதா?

நான்: இல்லை சித்தி. ‘பெண் குழந்தை’ என்று மட்டும்தான் இருக்கிறது.

சித்தி: அதற்காகச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது. ஆனால் இப்போதே சரி செய்துவிடு. ஒரு வருஷம் தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் வரும், அவ்வளவுதான்.

பாப்பா அப்பா: நாளைக் காலை பத்து மணிக்கு நகராட்சி ஆபீஸில் இருப்பேன். இன்ஷியலோடு முழுப் பெயரை இங்கே எழுதிப் போடு, எழுத்துப் பிழை இல்லாமல்.