கிழக்கு ஆப்பிரிக்காவில் டெலிகாம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. பொறியியல் கல்லூரியில் தகவல் தொடர்புத் துறையில் பாடம் எடுக்கிறேன். கென்யா, தான்சானியா கிராமங்களில் பட்டன் போன் வழியாக நடக்கும் பணப் பரிமாற்றத்தின் பாதுகாப்புதான் என் ஆய்வு. 2007-இல் கென்யாவில் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை வந்தபிறகு, வங்கிக் கணக்கே இல்லாதவர்களும் போனிலேயே பணம் அனுப்புகிறார்கள். ஆனால் இந்த பட்டன் போன்கள் பயன்படுத்தும் 2ஜி-யில் நெட்வொர்க் சிம்மைச் சரிபார்க்கும். எதிரில் இருப்பது உண்மையான டவர்தானா என்று போன் சரிபார்ப்பதில்லை. யாராவது போலி டவர் வைத்தால் அதிலும் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லோரும் ஸ்மார்ட்போன் வாங்கட்டும் என்பதை நான் தீர்வாக ஏற்கவில்லை. இருக்கிற போனிலேயே பாதுகாப்பு கிடைக்க வேண்டும்.

அங்கே நெட்வொர்க் பராமரிப்பில் இருந்தவர்களிடம் ஒரு கேள்வி: கிராமப்புற டவர்களில் போனுக்கும் டவருக்கும் இடையே போவதை மறைக்க இன்னும் பழைய ஏ5/1 மறையாக்கம்தானா, அதைவிட வலுவான ஏ5/3-க்கு மாற்றிவிட்டார்களா? நிறுவன ரகசியம் எதுவும் வேண்டாம், பொதுவாகச் சொன்னாலே பெரிய உதவி. தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து அவர்களை இங்கே டேக் செய்யுங்கள்.