மாலை போட்டால் விட முடிகிறது, கழற்றினால் திரும்புகிறது: புகையிலை அதக்கும் பழக்கத்தை நிறுத்துவது எப்படி?

கேள்வி – தறிக்காரன்

வணக்கம். நான் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன், வயது 43. தறிக்கூடத்தில் பஞ்சும் நூலும் பறப்பதால் பீடி பற்றவைக்க முடியாது. இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டத் தொடங்கிய புகையிலை, பாக்கோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து 19 ஆண்டுகளாக என் கன்னத்தில் குடியிருக்கிறது. நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது முறை அதக்குகிறேன்.

எனக்கே விளங்காத செய்தி ஒன்று உண்டு. சென்ற கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த 41 நாளும் அதைத் தொடவே இல்லை. முதல் நான்கைந்து நாள் தலைவலியும் சிடுசிடுப்பும் இருந்தன, அவ்வளவுதான். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மூன்றாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்து கூட்டாளி பொட்டலத்தை நீட்டியபோது கை தானாகப் போய்விட்டது. சாமிக்காக விட்டவருக்குப் பிள்ளைகளுக்காக விட முடியாதா என்று மனைவி கேட்கிறாள். எனக்கு மன உறுதி இல்லையா? ஒரேயடியாக நிறுத்துவதா, குறைத்துக்கொண்டே வருவதா? புகையிலையை விட்டு வெறும் பாக்கு மட்டும் மென்றால் பரவாயில்லையா? அண்மையில் காரக் குழம்பு பட்டால் வாய் எரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி – முன்னாள் அதக்கர்

ஐயா, 41 நாள் விட்டவருக்கு மன உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? நான் இதை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாலை போட்ட நாட்களில் உங்களைச் சுற்றி என்னென்ன மாறியிருந்தன என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் குளியல், வேறு உடை, செருப்பில்லாத கால், தனிச் சமையல். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களைச் 'சாமி' என்று அழைத்தவர்கள் எவரும் பொட்டலத்தை நீட்டியிருக்க மாட்டார்கள். புகையிலையில் அடிமைப்படுத்தும் பொருளான நிக்கோட்டினை உடம்பு கேட்கும் வேதனை முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே, கழற்றிய மூன்றாம் நாள் உங்களை இழுத்தது உடம்பின் தேவை என்பதைவிட, சாப்பாட்டுக்குப் பின் உட்காரும் அந்த இடமும் நீட்டிய அந்தக் கையும்தான் என்பது என் எண்ணம்.

நான் செய்தது இதுதான். எந்த வேளையில், யாரோடு, என்ன செய்தபின் அதக்குகிறேன் என்று ஒரு வாரம் காலண்டர்த் தாளின் பின்புறத்தில் குறித்துவந்தேன். பாதிக்கு மேல் எனக்கு வேண்டவே வேண்டாத வேளைகள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் அந்த ஒன்றுதான் உண்மையான எதிரி. எனவே சாப்பிட்ட கையோடு வாயைக் கொப்பளித்துப் பல் துலக்கினேன், உட்காரும் திண்ணையை மாற்றினேன், வாய்க்குக் கிராம்போ சோம்போ கொடுத்தேன். கூட்டாளிகளிடம் வாய்விட்டுச் சொல்லியும் வைத்தேன். கேலி செய்தார்கள், ஆனால் நீட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நடுவில் ஒரு திருமண வீட்டில் தாம்பூலத்தோடு ஒருமுறை சறுக்கியதும் உண்டு. அதை அன்றோடு முடித்துக்கொண்டு மறுநாள் எண்ணிக்கையைத் தொடர்ந்தேன். முதல் வாரத்தில் மலச்சிக்கல் வரலாம், அஞ்ச வேண்டாம்.

மறுமொழி – பல் மருத்துவர்

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் எனக்கு முதல் வரி. காரம் பட்டால் எரிவது, பாக்கு மெல்பவர்களுக்கு வரும் வாய் இறுக்க நோயின் தொடக்கமாக இருக்கலாம். கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகி, வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போகும். சிலருக்குப் பின்னாளில் அது புற்றுநோயாகவும் மாறுகிறது. பாக்கு மட்டும் மெல்வது தீர்வாகாது. புகையிலை சேராத பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை வகைப்படுத்தியிருக்கிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டாலும், கன்னத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலும், ஆறாத புண் இருந்தாலும் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் செல்லுங்கள்.

நிக்கோட்டின் சூயிங்கம் உதவும். ஆனால் அதைச் சாதாரண மிட்டாய்போல் மென்று தள்ளக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் தணிந்தபின் மீண்டும் மெல்ல வேண்டும். (அதக்கிப் பழகியவர்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதே இல்லை!) டீ, காபி குடித்து 15 நிமிடமாவது கழிந்தபின் வாயில் போடுங்கள், இல்லையேல் மருந்து சரியாக ஏறாது. தாடை இறுகியிருந்தால் மெல்வதைவிடத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை ஏற்றது. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1800-11-2356 என்னும் தேசியக் கட்டணமில்லா எண்ணில் பேசினால், நிறுத்தும் நாளைக் குறிப்பதிலிருந்து உடன் வருவார்கள்.

மறுமொழி – வாசகர்

குறைப்பதா, நிறுத்துவதா என்பதற்கு மட்டும் ஒரு குறிப்பு. இங்கிலாந்தில் 697 புகைப்பவர்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினரும், இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் 39 விழுக்காட்டினரும் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். அது சிகரெட்டைப் பற்றியது. ஆயினும் நீங்களும் மாலை போட்ட அன்று ஒரேயடியாகத்தானே நிறுத்தினீர்கள்?

தறிக்காரன்

அனைவருக்கும் நன்றி. டாக்டர் சொன்னபடி பார்த்தேன்; இரண்டு விரல் போகிறது, மூன்றாவது பல்லில் இடிக்கிறது. திங்கட்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு ஈரோட்டுக்குப் போகிறேன். பொட்டலம் நீட்டும் கூட்டாளியையும் அழைத்திருக்கிறேன். அவரும் காரம் சாப்பிட்டு நாளாகிவிட்டதாம்.