மனசை ஆராய்ச்சி பண்றோம்னு வந்தவங்ககிட்ட மாட்டின அனுபவம் உண்டுங்களா? இங்க கொட்டுங்க

மஞ்சக்காட்டு_மருமக (மொடக்குறிச்சி பக்கம்)

மஞ்சள் வேக வெச்சுட்டிருந்த சமயமுங்க. காலேஜ்ல ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணு வந்துச்சு, கழுத்துல அட்டை, கையில கிளிப்போர்டு. குழந்தை பெத்தவங்க மனசு பத்திங்களாம். என்ற பையன் அப்ப கைக்குழந்தை. அந்த ஒன்பது கேள்வித் தாள் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். "போன ரெண்டு வாரத்துல எத்தனை நாள் இப்படி இருந்துச்சு"ன்னு கேட்டுப் பூச்சியத்துல இருந்து மூணு வரைக்கும் வட்டம் போடுவாங்களே, அதேதான்.

அத்தை முறத்தை எடுத்துக்கிட்டுப் பக்கத்துலயே வந்து உக்காந்துட்டாங்க. தூக்கம் எப்படின்னு என்னைக் கேட்டா, "அவளுக்கென்னுங்க, நல்லாத் தூங்குவா"ன்னு அத்தை. பசி? அதுக்கும் அத்தைதான். கடைசிக் கேள்வி, உசுரோட இருக்கறதுக்கு இல்லாமயே போயிடலாம்னு தோணுச்சான்னு கேக்கறது. அதை அந்தப் பொண்ணு அத்தை மூஞ்சியைப் பாத்துக் கேட்டுச்சுங்க. என்னைப் பாத்து இல்ல. அத்தை "சிவ சிவா"ன்னாங்க. பேனா பூச்சியத்தைச் சுத்துச்சு.

இப்ப நல்லாத்தான் இருக்கறேன். ஆனா ஏதோ ஒரு தீசிஸ்ல என்ற நெம்பருக்கு நேரா ஒன்பது பூச்சியம் இருக்குது. அதை நெனச்சா இன்னும் எரியுது.

ஓவர்லாக்_அவினாசி

எங்க பனியன் கம்பெனிக்கும் வந்தாங்க. தொழிலாளர் மன அழுத்தமாம். லைனுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு நோட்ல என்னமோ குறிப்பாங்க. அன்னைக்குப் பூரா ஒருத்தரும் மெசினை விட்டு எந்திரிக்கல. பக்கத்து மெசின் அக்கா தலையைக் குனிஞ்சபடியே, "இவிய எப்பப் போவாங்க தம்பி, பாத்ரூம் போகோணும்"னாங்க. பீஸ் கணக்குப் பாத்தா என்னைக்கும் இல்லாத அளவு. ஃப்ளோர் இன்சார்ஜுக்கு வாயெல்லாம் பல்லு. அடுத்த வாரமே டார்கெட்டை ஏத்திட்டாங்க.

இதையேதான் அமெரிக்காவுல ஹாதார்ன் ஆலையிலயும் பாத்தாங்களாம். வெளிச்சத்தை ஏத்துனாலும் உற்பத்தி ஏறுதாம், எறக்குனாலும் ஏறுதாம். ஆளு நின்னு பாக்கறதுதான் காரணம்னு சொல்லி "ஹாதார்ன் விளைவு"ன்னு பேர் வெச்சுட்டாங்க.

பீளமேடு_வாத்தியார்

தம்பி, ஹாதார்ன் கதையை எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. ஆனா அது அவ்வளவு சுத்தமான கதை இல்லை. சிகாகோ பக்கம் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கோட ஆலை அது. 1924-ல வெளிச்சச் சோதனை ஆரம்பிச்சது. அந்த மூலக் கணக்கெல்லாம் தொலைஞ்சு போச்சுன்னு ரொம்ப காலம் நெனச்சுட்டிருந்தாங்க. லெவிட், லிஸ்ட்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க அதைத் தேடியெடுத்து மறுபடி அலசி 2011-ல எழுதினாங்க. பல்பை மாத்தினது ஞாயித்துக்கிழமையில. திங்கக்கிழமை உற்பத்தி ஏறியிருக்கு. ஆனா பல்பை மாத்தாத வாரத்துலயும் திங்கக்கிழமை ஏறித்தான் இருந்திருக்கு! நாம பாடப் புத்தகத்துல படிச்ச அளவுக்கு அந்தக் கணக்குல ஒண்ணுமில்லைன்னுதான் முடிச்சாங்க.

அப்புறம் 1927-ல தனி அறையில அஞ்சு பெண்களை வெச்சு, டெலிபோனுக்கான ரிலேங்கற சின்னச் சுவிட்சைப் பூட்டற சோதனை. அதுல ரெண்டு பேர் பேசிக்கிட்டே இருக்காங்கன்னு 1928 ஜனவரியில வெளிய அனுப்பிட்டு வேற ரெண்டு பேரைப் போட்டாங்க. ஆளையே மாத்திட்டு, உற்பத்தி ஏறினதுக்குக் காரணம் இதுதான்னு எப்படிச் சொல்றது? ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு வேணும், யாரை எதுல போடறதுன்னு குலுக்கல் முறையில முடிவாகணும். அது இல்லாம ஒரு லைனை மட்டும் பாத்துட்டு ஒண்ணும் சொல்ல முடியாது. உங்க பனியன் கம்பெனிக்கும் இதேதான்.

என் அனுபவம் கேட்டா சின்னது. நான் படிச்ச காலத்துல எங்கம்மாவை உக்கார வெச்சு ஸ்ட்ரூப் சோதனை பண்ணினேன். பச்சை மையில "சிவப்பு"ன்னு எழுதியிருக்கும், வார்த்தையைப் படிக்காம மையோட நிறத்தைச் சொல்லணும், திணறுவாங்க. 1935-லயே வந்தது. அம்மா ஒரு தடவைகூடத் திணறலை. அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்கறது எனக்கு அதுவரைக்கும் உறைக்கவே இல்லை. கோயில் நோட்டீசையெல்லாம் கையில வெச்சுப் பாத்துட்டு இருப்பாங்க.

கடைசி_பெஞ்சு

நான் கோவையில ஒரு காலேஜ்ல படிச்சப்போ. ஆஷ் சோதனை எல்லாருக்கும் தெரியும், மாதிரிக் கோட்டோட நீளத்துக்கு ஏ, பி, சி மூணுல எது பொருந்துதுன்னு கேப்பாங்க, சுத்தி இருக்கறவங்க எல்லாம் பேசி வெச்சுக்கிட்டுத் தப்பாச் சொல்வாங்க. எனக்கு அப்பத் தெரியாது. சும்மா வாடான்னு ரூம்மேட் கூட்டிட்டுப் போனான்.

கோடு சி-தான் சரி, குருடனுக்குக்கூடத் தெரியும். வரிசையா "பி", "பி", "பி". என் ரூம்மேட்டும் சுவத்தைப் பாத்துக்கிட்டு "பி". நான் சி-ன்னேன். மறுக்கா ஒரு அட்டை, மறுக்கா நான் மட்டும் தனியா. கடைசி வரைக்கும் விடலை. முடிஞ்சதும் மேடம், "நீ முன்னாடியே படிச்சிருப்பே, உன்னோடது வேண்டாம்பா"ன்னு என் தாளை மட்டும் எடுத்து ஜன்னல் ஓரமா வெச்சாங்க. ஃபேன் காத்துக்குப் பறக்காம இருக்க அது மேல ஸ்டேப்ளர்.

1951-ல ஆஷுக்கே கால்வாசிப் பேரு ஒரு தடவைகூட வளைஞ்சு குடுக்கலை. அவரு அவங்களையும் சேத்துத்தான் எழுதினாரு. 2015-ல பழைய மனவியல் ஆய்வு நூறைத் திரும்பச் செஞ்சு பாத்தப்போ 36 சதவீதம்தான் மறுபடி நின்னுச்சுன்னு படிச்சேன். எனக்கு ஆச்சரியமே இல்லை, அந்த ஸ்டேப்ளர்தான் கண்ணுல நின்னுச்சு.

கரும்புக்காடு_கோபி

எங்க தோட்டத்துல மோட்டார் காயில் கருகிப் போச்சு. கரும்பு காயுது, வைண்டிங் கடைக்காரரு போனே எடுக்கல. அந்த நேரம் பாத்து மாமா பொண்ணு, எம்.எஸ்ஸி. சைக்காலஜி, ரேவன்னு ஒரு அறிவுச் சோதனைப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்துச்சு. மேல படத்துல ஒரு துண்டு விட்டுப் போயிருக்கும், கீழ இருக்கறதுல பொருந்தறதைக் காட்டோணும்.

"மாமா, இதுல எதுங்க?" அப்பா மூணாவது மேல விரலை வெச்சாரு. போன் அடிச்சுது. விரல் அங்கயே நிக்குது, கண்ணு கிணத்து மேட்டுல. பேசி முடிச்சு, "நாளான்னிக்குத்தான் தருவானாம்"னாரு. அந்தப் புள்ள மூணுன்னு குறிச்சுக்கிச்சு.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் கரும்பு விவசாயிங்க 464 பேர்கிட்ட இதே படத்தை வெட்டுக்கு முன்னாடி ஒருக்கா, பணம் வந்ததுக்கப்பறம் ஒருக்கா காட்டியிருக்காங்க. 2013-ல வந்த ஆய்வு அது. அதே ஆளுதான், காசு கைக்கு வந்த பொறவு நல்லாப் போட்டிருக்காரு. எங்கப்பாவுக்கு மறுக்கா காட்ட யாரும் வரல.

சர்வே_அக்கா_தாராபுரம்

நானும் கொஞ்ச நாள் சர்வே எடுக்கப் போனவதான். வெயில்ல நடந்து போய், நாய் தொரத்தி, ஒரு ஊட்ல தண்ணி குடுத்து, இன்னொரு ஊட்ல ரேசன் கார்டைத் தூக்கிட்டு ஓடி வந்து நின்னாங்க. அவ்வளவுதான் என் கதை.

மஞ்சக்காட்டுத் தங்கச்சிக்கும் மத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். இனிமே யாராச்சும் வந்தா மொதல்ல தகவல் தாளைக் கேளுங்க. தமிழ்ல இருக்கணும், ஒரு காப்பி உங்க கையில குடுக்கணும். ஆராய்ச்சியால ஆளுங்களுக்குக் கெடுதல் வராமப் பாக்கற நெறிமுறைக் குழுகிட்ட அனுமதி வாங்கியாச்சான்னு கேளுங்க. வாங்கினவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. புடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, பாதியில எந்திரிச்சுப் போகலாம், அதுக்காக உங்களுக்கு வர வேண்டியது எதையும் நிறுத்தக் கூடாது. ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 வழிகாட்டுதல்லயே இருக்குது. மனசு பத்தின கேள்வின்னா தனியா உக்காரணும்னு சொல்லுங்க. "அத்தை, சித்தெ காப்பி வெச்சுட்டு வர்றீங்களா"ன்னு அனுப்பிடலாம். கம்பெனியில கேட்டா, தாளைச் சூப்பர்வைசர் பாப்பாரான்னு மொதல்லயே கேட்டுக்கோங்க. அந்தக் கடைசிக் கேள்வி மாதிரி எண்ணம் யாருக்காச்சும் நெசமாவே இருந்தா 14416-க்குக் கூப்புடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன், காசில்லை, தமிழ்லயே பேசுவாங்க. சர்வே எடுக்கறவங்களும் ஆளு முகத்தைப் பாத்துக் கேக்கோணும், பக்கத்துல ஒருத்தர் உக்காந்தா கேள்வியை நிறுத்தோணும். பயிற்சியில இதையெல்லாம்...

மஞ்சக்காட்டு_மருமக

அக்கா, 14416 போட்டது நல்லதுங்க. ஆனா நாலு ஊட்டு ஆளு மஞ்சள் வேவிச்சுட்டு நிக்கறப்ப அத்தையைக் காப்பி வெக்க அனுப்பறதுக்கு நான் யாருங்க? காப்பி வெக்க வேண்டியதே நான்தானே.

ஓவர்லாக்_அவினாசி

வாத்தியாரே, திங்கக்கிழமை உற்பத்தி ஏறும்னு சொல்ற ஊரை எனக்கும் காட்டுங்க. திருப்பூர்ல சனிக்கிழமை சம்பளம் வாங்கினவன் திங்கக்கிழமை வந்து சேந்தாலே பெரிய விசயம். பேசினதுக்கு ரெண்டு பேரைத் தூக்குனாங்கன்னீங்களே, அதைத்தான் நானும் சொல்றேன். பாத்துட்டே நின்னாத்தானே யாரு பேசறாங்கன்னு தெரியும்? ஒப்பிட்டுப் பாக்கற குழு வேணும்னா பக்கத்து லைன் இருக்குதுங்க. ஒருத்தரும் நோட்டோட நிக்காத லைன். டார்கெட்டை அவங்களுக்கும் சேத்துத்தான் ஏத்துனாங்க.