நெஸ்டரி இராங்குண்டா தாக்குப்பிடிப்பானா? சேலத்திலிருந்து ஒரு கேள்வி

செவ்வாய்ப்பேட்டை லெஃப்ட் விங் எழுதியது:

வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளி நாட்களில் லெஃப்ட் விங் ஆடியவன். அதற்கப்புறம் கால்பந்தை டிவியில் பார்த்ததோடு சரி. என் மகன் பத்தாம் வகுப்பு. அவன் ரைட் விங். சாயங்காலம் ஆனால் காந்தி ஸ்டேடியம் பக்கம் போய்விடுவான், இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவான்.

அவனுக்கு மெஸ்ஸி, ரொனால்டோ எல்லாம் இல்லை. ஆஸ்திரேலியாக்காரன் நெஸ்டரி இராங்குண்டாதான் உயிர். மூன்று வருடமாகப் பின்தொடர்கிறான். அடிலெய்டு யுனைடெட்டில் 15 வயதிலேயே முதல் அணியில் இறங்கிய பையன். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்கு மதியம் இரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டோடு போனில் ஆட்டம் பார்ப்பான், நானும் எட்டி எட்டிப் பார்ப்பேன். முப்பது கஜம் தள்ளியிருந்து இராங்குண்டா அடிக்கும் அடியைப் பார்த்தால் எனக்கே கால் துறுதுறுக்கும்.

2023 கடைசியில் ஜெர்மனியின் பெரிய கிளப் பயர்ன் மியூனிக் அவனை எடுத்துக்கொண்டதாக அறிவித்தார்கள். அன்று என் மகன் தெருவையே திரட்டிவிட்டான். 2024 ஜூனில் தேசிய அணிக்கும் வந்து, பெர்த்தில் பாலஸ்தீனத்துக்கு எதிராக பெனால்டியில் முதல் கோலும் போட்டான். அப்புறம் பயர்னுக்குப் போனவன் முதல் அணிக்காக லீக்கில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. 2025 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஹாப்பர் கிளப்புக்குக் கடனாக, அதாவது கொஞ்ச காலம் அங்கே ஆட, அனுப்பினார்கள். அதே ஆண்டு கோடையில் இங்கிலாந்தின் வாட்ஃபோர்டுக்கு வந்துவிட்டான். அது இரண்டாம் நிலைப் பிரிவு.

மகன் கேட்கிறான்: "அப்பா, அவன் மேலே போறானா, கீழே வர்றானா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆட்டம் தெரிந்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். பையனைத் தேற்றுவதற்கான பதில் வேண்டாம். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

—

ஐந்து ரோடு ரசிகன் எழுதியது:

அண்ணா, உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயம்தான் அதிகம். ஆஸ்திரேலியாவில் இது முதல் தடவை இல்லை.

டேனியல் அர்சானியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 உலகக் கோப்பைக்கு வந்த எல்லா ஆட்டக்காரர்களிலும் அவன்தான் சின்னவன். உடனே மான்செஸ்டர் சிட்டி வாங்கியது, செல்டிக்குக் கடனாக அனுப்பியது. அங்கே முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்தது. அப்புறம் நெதர்லாந்து, டென்மார்க், பெல்ஜியம் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஆஸ்திரேலியாவுக்கே திரும்பினான்.

கராங் குவோல் இன்னொருவன். 2022 உலகக் கோப்பை நாக்-அவுட்டில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 18 வயதில் இறங்கினான். 1958இல் பெலே ஆடிய பிறகு அவ்வளவு சின்ன வயதில் நாக்-அவுட் ஆட்டத்தில் இறங்கியவர் வேறு யாரும் இல்லை. கடைசி நிமிடத்தில் கோலுக்குப் பக்கத்திலேயே பந்து கிடைத்தது, எமிலியானோ மார்டினெஸ் பாய்ந்து தடுத்தார். அது போயிருந்தால் 2–2. அப்போதே நியூகாசில் அவனை வாங்கியிருந்தது. ஹார்ட்ஸ், வோலன்டாம் என்று கடனாகப் போனான், இரண்டு இடத்திலும் ஊன்றவில்லை. 2024இல் கிளம்பிய இடத்துக்கே, சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸுக்கே கடனாக வந்தான்.

மூன்று பேரும் ஒரே மாதிரி ஆட்டக்காரர்கள். வேகம், ஒற்றைக்கு ஒற்றை எதிராளியைத் தாண்டுவது, பார்ப்பவர்களை எழுந்து நிற்க வைப்பது. அதனால்தான் பயப்படுகிறேன்.

—

நாகலூர் பி.டி. வாத்தியார் எழுதியது:

சேர்வராயன் மலையில் 22 வருடமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாத கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயது ஃபார்வர்டு ஒருவன் முதல் வருடம் கோலாகப் போட்டுத் தள்ளுகிறான் என்றால் அதில் பாதி அவன் திறமை, மீதி அவனுக்கு அமைந்த சூழ்நிலை. இராங்குண்டாவை அடிலெய்டில் ஆரம்பத்தில் எப்போது இறக்கினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது பாதியில்தான். அறுபது எழுபது நிமிடம் ஓடிக் களைத்த டிஃபெண்டர் எதிரே நிற்கிறான், இவன் புதுக் காலோடு வருகிறான். இவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்றும் அவனுக்குத் தெரியாது. போதாததற்கு ஆஸ்திரேலியாவின் ஏ-லீக்கில் தோற்றால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளும் வழக்கம் கிடையாது, அதனால் ஆட்டம் திறந்து கிடக்கும், ஓட இடம் இருக்கும். குவோலுக்கும் இதே கதைதான், அவனும் மாற்று ஆளாக இறங்கியே பேர் வாங்கினான். தம்பி மூன்று பேரும் ஒரே மாதிரி என்றாரே, ஆட்ட பாணியை விட எனக்கு இந்த ஒற்றுமைதான் பெரிதாகப் படுகிறது.

அடுத்த வருடம் எல்லோருக்கும் அவனைத் தெரிந்துவிடும். ஒருவன் முன்னால் நிற்பான், இன்னொருவன் மூன்றடி பின்னால் காவல் நிற்பான், பலமில்லாத கால் பக்கமாகவே தள்ளுவார்கள். அங்கேதான் அவன் இரண்டாவது வித்தையைக் கற்றாக வேண்டும். பந்தை வாங்குவதற்கு முன்பே தோளைத் திருப்பிப் பார்ப்பது, டிஃபெண்டரின் முதுகுப் பக்கமாக ஓடுவது, பந்து போனால் திரும்பி ஓடிவந்து மறிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. இதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் ஆட்டத்தில் பத்துத் தடவை தப்புப் பண்ணினால்தான் உடம்பில் ஏறும்.

என்னிடம் படித்த பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பேர் வேண்டாம். அப்பா எஸ்டேட்டில் மிளகுக் கொடி ஏறுபவர், அம்மா காப்பிப் பழம் பறிப்பவர். 14 வயதில் மண்டல அளவிலான பள்ளிப் போட்டியில் இறங்கிய ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் போட்டான். மலைச்சரிவில் ஓடி வளர்ந்த கால், கீழே சமதளத்தில் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. அந்த வருடம் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்று வெளியூரில் பேர் பெற்ற விளையாட்டு விடுதி. இன்னொன்று சேலத்திலேயே ஒரு சின்ன கிளப். அங்கே பூட்ஸ்கூட நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் வாரம் தவறாமல் ஆட்டம் உண்டு.

விடுதிக்கு அனுப்பு என்று அவன் அப்பாவிடம் சொன்னவன் நான். அங்கே அவனை விடப் பெரிய பையன்கள் ஆறு பேர் ஃபார்வர்டு. ஒரு வருடம் முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பொங்கலுக்கு வந்தபோது பயிற்சியெல்லாம் நன்றாக நடக்கிறது என்றான், ஆட்டம் எப்படி என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வருடம் பெட்டியோடு மேலே வந்துவிட்டான். கால் அப்படியேதான் இருந்தது. கோல் முன்னால் பந்து கிடைத்ததும் அடிப்பதா கொடுப்பதா என்று ஒரு கணம் தயங்கினான், அதுதான் புதிது. முன்பு அந்தத் தயக்கம் அவனிடம் இருந்ததே இல்லை. இப்போது சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். என்னைப் பார்த்தால் நின்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவான். அந்த முடிவு என்னுடையது, அவனுடையது இல்லை. இன்று வரை அது என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் இராங்குண்டா பயர்னை விட்டு வந்ததை நான் வீழ்ச்சியாகப் பார்க்கவில்லை. அங்கே விங்கில் ஒலிசே, சனே, நாப்ரி, கோமான் நால்வரும் இருந்தார்கள். 18 வயதுப் பையனுக்கு எங்கிருந்து இடம் கிடைக்கும்? ஜெர்மனியில் நான்காம் நிலையில் ஆடும் அவர்களுடைய இரண்டாம் அணிதான் மிச்சம். இங்கிலாந்தின் அந்த இரண்டாம் நிலைப் பிரிவான சாம்பியன்ஷிப்பில் 24 அணி, ஒவ்வொரு அணிக்கும் 46 ஆட்டம். சனிக்கிழமை சொதப்பினாலும் செவ்வாய்க்கிழமை அடுத்த ஆட்டம் வந்துவிடும். அடிக்கும் டிஃபெண்டர்கள், மழை, சேறு. இந்த வயதில் ஒரு ஃபார்வர்டுக்கு இதை விட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே கவலை, வாட்ஃபோர்டு அடிக்கடி மேனேஜரை மாற்றும் கிளப். நம்பி இறக்கியவர் போய்விட்டால் அடுத்தவரிடம் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

என் கணிப்பு இதுதான்: 21 வயதுக்குள் இரண்டு முழுப் பருவம், பெரும்பாலும் தொடக்க அணியில் ஆடிவிட்டான் என்றால் நிற்பான். கோல் கணக்கை இப்போதைக்குப் பார்க்காதீர்கள். எத்தனை ஆட்டம் தொண்ணூறு நிமிடம் ஆடினான் என்று மகனை ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள்.

—

அம்மாபேட்டை அடிலெய்டு எழுதியது:

நான் அம்மாபேட்டையில் பிறந்தவள், ஒன்பது வருடமாக அடிலெய்டில் நர்ஸ். இப்போது லீவில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஹிண்ட்மார்ஷ் மைதானத்தில் அவன் ஆடி மூன்று தடவை நேரில் பார்த்திருக்கிறேன். சின்ன மைதானம், கோட்டுக்கு அருகிலேயே உட்காரலாம். அவன் காலுக்குப் பந்து வந்ததும் பேச்சு நின்றுவிடும். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு பாதி எழுந்து அப்படியே நின்றார்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் 2006இல் தான்சானியாவில் அகதி முகாமில் பிறந்தவன், பெற்றோர் புருண்டிக்காரர்கள். இப்படி முகாமில் பிறந்து அடிலெய்டில் வளர்ந்து மேலே வந்தவன் அவனுக்கு முன்னாலும் ஒருவன் உண்டு, ஆவர் மபில். கென்யாவின் ககுமா முகாமில் பிறந்தவன், அதே அடிலெய்டு யுனைடெட். 2015இல் டென்மார்க்கின் மிட்ஜிலாண்டுக்குப் போனான். உடனே ஒன்றும் நடக்கவில்லை. டென்மார்க்கிலேயே இன்னொரு கிளப், போர்ச்சுகலில் ஒன்று என்று கடனாகப் போய் ஆடினான். 2022 ஜூனில் பெருவுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டில் ஆஸ்திரேலியாவின் ஆறாவது உதையை அடித்து உள்ளே போட்டது அவன்தான். அடுத்து பெருவின் உதையைத் தடுத்ததும் உலகக் கோப்பை இடம் உறுதியானது. அடிலெய்டிலிருந்து கிளம்பி அந்த இடத்துக்கு வர ஏழு வருடம்.

அண்ணா, உங்கள் மகன் மூன்று வருடத்திலேயே பதில் கேட்கிறான்.

—

ஐந்து ரோடு ரசிகன் எழுதியது:

அக்கா சொன்னது சரி, மபிலை நான் மறந்தே போனேன். இன்னொரு ஆஸ்திரேலியாக்காரன் ஜேமி மக்லாரனையும் சேர்த்துக்கொள்ளலாம். 2017இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டுக்குப் போய் எடுபடவில்லை. மெல்போர்ன் சிட்டிக்கு வந்து ஏ-லீக்கில் அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணியை நான்கு தடவை வாங்கினான். 2024இல் நம் நாட்டின் மோகன் பகானுக்கே வந்தான். 2025 ஏப்ரலில் ஐஎஸ்எல் இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு எதிராக வெற்றி கோல் போட்டது அவன்தான்.

ஆனால் வாத்தியாரே, காயம்? கிரிக்கெட்டில் நம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். 2020–21இல் நெட் பவுலராக ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். திரும்பி வந்தபோது சின்னப்பம்பட்டியில் சாரட்டில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். இரண்டு மூன்று மாதத்தில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. ஐபிஎல்லில் நன்றாக மீண்டு வந்தார், ஆனால் இந்தியச் சட்டை திரும்பக் கிடைக்கவில்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் எத்தனை நோட்டு போட்டு என்ன?

—

நாகலூர் பி.டி. வாத்தியார் எழுதியது:

தம்பி, அதற்கு என்னிடம் மாற்று இல்லை. வேகத்தை நம்பி ஆடுபவனுக்கு முதலில் பிடிப்பது தொடையின் பின்தசை. ஹாரி கீவெல் ஆஸ்திரேலியா பெற்ற மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், லீட்ஸ் முதல் அணியில் 17 வயதில் இறங்கியவர். அவரே 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லிவர்பூலுக்காக இறங்கி முதல் பாதியிலேயே காயத்தால் வெளியேறினார். அவ்வளவு திறமை இருந்தும் உடம்பு அவரைப் பல வருடம் படுத்தியது. அதனால் இராங்குண்டா நிச்சயம் நிற்பான் என்று நான் எழுதவில்லை. நிற்க வழியுள்ள இடத்தில் இருக்கிறான், அவ்வளவுதான்.

—

செவ்வாய்ப்பேட்டை லெஃப்ட் விங் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஜீப் ஓட்டும் பையன் கதை வந்ததும் எழுந்து போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனே நோட்டும் பேனாவுமாக வந்தான். 2025 அக்டோபரில் மாண்ட்ரியாலில் கனடாவை 1–0 என்று ஜெயித்த ஆட்டத்தின் கோலை இராங்குண்டா போட்டதை முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, "கோல் எழுதக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல" என்று தானே அடித்துவிட்டான். பக்கத்தில் நிமிடம் என்று போட்டுக் கோடு கிழித்திருக்கிறான்.

வாத்தியார் சார், இன்னொன்று கேட்க வேண்டும். மகனுக்கும் வெளியூர் விடுதி ஒன்றின் செலக்‌ஷனுக்கு அடுத்த மாதம் அழைப்பு வந்திருக்கிறது. இதை முதலிலேயே எழுதாதது என் தப்பு. அவன் இடது காலில் இன்னும் பந்து சரியாக ஏறவில்லை. ஒரு தடவை நீங்கள் பார்த்துச் சொல்ல முடியுமா?

—

நாகலூர் பி.டி. வாத்தியார் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறி மேலே வந்துவிடுங்கள். எட்டு மணி வரை மூடுபனி இருக்கும், அது விலகிய பிறகு ஆரம்பிக்கலாம். தரை ஈரமாக இருக்கும், ஸ்டட் தேயாத பூட்ஸ் போட்டுவரச் சொல்லுங்கள். அந்த விடுதியில் அவன் இடத்துக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள், போன வருடம் சேர்ந்த பையன்கள் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். நான் ஜீப் பையனையும் வரச் சொல்கிறேன். இடது கால் அடியை அவன் என்னை விட நன்றாகச் சொல்லிக் கொடுப்பான்.