புதுப்பிப்பு: லாரியிலேயே குடியேறி ஆறு மாதம்

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நெடுந்தூர லாரி ஓட்டப் போகலாமா என்று முன்பு இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். சரி, போய்விட்டேன்.

ஓட்டுவது பழகிவிட்டது, மலை இறக்கம்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. முழுச் சுமையோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். மேலேயே கியரைக் குறைத்து, இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட வேண்டும். ஒருமுறை தாமதமாகக் குறைத்தேன். கருகல் நாற்றம் கேபின்வரை வந்தது. கீழே இறங்கி நிறுத்தியபோது கை நடுங்கியது.

அப்புறம் தூக்கம். நீங்கள் சொன்னபடி கண்ணாடிகளுக்குக் கனத்த திரை போட்டேன், பகலிலும் தூங்க முடிகிறது. ஆனால் சரக்கு இறக்கக் காத்துக் கிடக்கும் நேரம் இருக்கிறதே, அதை ஒருவரும் சொல்லவில்லை! நேற்று மட்டும் ஏழு மணி நேரம். சொந்தமாக வீடு இல்லாததால், கடிதங்களுக்கு அக்கா வீட்டு முகவரிதான்.